ஒரே மகள்

போன வாரம் வசந்தமலர் யன்னல் சீலைகளைக் கழற்றிப் போட்டதோடு நிறுத்தியிருந்தோம். அவை தோய்ந்து, காய்ந்து, இப்போது திரும்பவும் தொங்குகின்றன. அவளுடைய கணவர் விநாயகமூர்த்தி தபால்பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்தார். அதில் பாதியைத் தன் காற்சட்டைக்கும் அடித்துக்கொண்டார். ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் உள்ள அந்தச் சின்ன வீட்டில் இத்தனை அமளிக்கும் காரணம், ஞாயிற்றுக்கிழமை சிட்னியிலிருந்து இளையவள் லோஜனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். மூத்தவள் வித்தியா தாய்க்குப் போன் எடுத்து, "ஞாயிறுக்கு நான் என்ன சாறி கட்டட்டும் அம்மா?" என்று ஆசையாகக் கேட்டாள். "அடுப்பில என்னவோ எரியுது பிள்ளை" என்று சொல்லி வசந்தமலர் போனை வைத்துவிட்டாள்.

அடுப்பில் எதுவும் எரியவில்லை என்பதை நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். வித்தியாவுக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.

வித்தியாவுக்கு முப்பத்திநாலு வயது. கலியாணம் கட்டி ஒரு வருடம் முடிவதற்குள் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். காரணம் கேட்டவர்களுக்கு அவள் சொன்னது, "அவர் அடிச்சவர்" என்பது மட்டும்தான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் கோயில் வாசலில் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது நகர மையத்தில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். தொழில், வருகிறவர்களுக்கு ஆக்லாந்தை நடத்திக் காட்டுவது. அதுவும் தமிழில். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, பகல் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் அப்பா அம்மாமாரைப் பிள்ளைகள் இவளிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இவள் அவர்களைக் கடற்கரையிலிருந்து மேட்டுப் பூங்கா வரைக்கும் மெல்ல நடத்திக் கூட்டிப் போவாள். முழங்கால் நோகிறவர்களுக்கு எந்த இடத்தில் உட்கார வாங்கு இருக்கிறது, சலரோகக்காரருக்கு எந்த மூலையில் கழிப்பறை இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சனிக்கிழமை காலை பிரிட்டோமார்ட் ரயில் நிலையத்துக்கு முன்னால், தன் மஞ்சள் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். அதுதான் அவளுடைய அடையாளம். அன்னபாக்கியம் என்ற பெயரில் மூன்று பேருக்குத் தனி உலா பதிவாகியிருந்தது.

மூவரும் வந்தார்கள். காஞ்சிபுரம் சாறிக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டையும், காலில் ஓட்டச் சப்பாத்தும் போட்ட இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் இளைஞன்.

அந்த இளைஞனின் மூக்கைக் கண்டதும் வித்தியாவின் முகம் மலர்ந்தது. சஞ்சீவன்! லோஜனாவின் மாப்பிள்ளை. இரண்டு வாரத்துக்கு முன்தான் லோஜனா அவனுடைய படத்தை அனுப்பி, "அக்கா, எப்பிடி?" என்று கேட்டிருந்தாள். "பிழையில்லை, மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு" என்று இவள் பதில் போட்டிருந்தாள். இன்று இரவுதான் விமானம் என்று சொன்னார்களே, எப்படி இப்போதே இங்கே?

'நான் லோஜனாவின்ர அக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். இருவரில் மூத்த பெண் விடவில்லை.

"நீர்தான் வழிகாட்டியோ? நல்லதாப் போச்சு, எங்கட பிள்ளை. நான் அன்னபாக்கியம். இது என்ர தங்கச்சி யோகராணி. அவன் அவளின்ர மகன். நாங்கள் இஞ்ச நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, என்ன?"

"ஏன் அன்ரி தெரியக்கூடாது?"

"நாளைக்கு ஏவன்டேலில ஒரு பொம்பிளை பாக்கப் போறம். இண்டைக்கு இரவுதான் வாறம் எண்டு அவைக்குச் சொல்லியிருக்கு. ஒரு நாள் முந்தி வந்து நாலு இடத்தில விசாரிக்க வேண்டாமே? உமக்கும் இஞ்சத்தைச் சனத்தைத் தெரிஞ்சிருக்கும். விநாயகமூர்த்தி எண்டு ஒருத்தர். பெண்சாதி வசந்தமலர். ஒரே மகள்."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"ஒரே மகளோ?"

"ஓம், ஒண்டே ஒண்டுதானாம். தாய் தன்ர வாயாலயே சொன்னவ."

வித்தியா சஞ்சீவனைப் பார்த்தாள். அவன் கடற்பறவைகள் யாரோ போட்டுவிட்டுப் போன பொரித்த கிழங்குக்குச் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்திலேயே குடையை மடித்துவிட்டு அவள் நடந்திருக்கலாம். நானாக இருந்தால் அந்தக் குடையால் வேறு வேலையும் பார்த்திருப்பேன். அவள் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது குமட்டல். திரைந்துபோன பாலைத் தெரியாமல் குடித்துவிட்டதுபோல் வாயெல்லாம் புளித்தது. பெற்ற தாய் தன் வாயால் சொன்னாளாம்.

அவளைக் கட்டிப்போட்டது லோஜனாவின் முகம்தான். தங்கச்சிக்கு அவனைப் பிடித்திருக்கிறது. இவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு அங்கே பெண் பார்ப்பும் இல்லை, கலியாணமும் இல்லை. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "வாங்கோ, மெல்ல நடப்பம்" என்றாள்.

கடல் ஒருகாலத்தில் எதுவரைக்கும் இருந்தது என்று காட்டினாள். பிறகு குயீன் தெருவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே எல்லோருக்கும் சொல்லும் கதையை இவர்களுக்கும் சொன்னாள்.

"நாங்கள் நிக்கிற இந்த றோட்டுக்குக் கீழ ஒரு ஆறு ஓடுது. வைஹொரொட்டியு எண்டு பேர். மவோரிச் சனம் பாவிச்ச நல்ல தண்ணி. வெள்ளைக்காரர் வந்து பட்டினம் கட்டேக்க எல்லாற்ற கழிவையும் அதுக்குள்ள விட்டுச் சாக்கடையாக்கிப் போட்டினம். மணம் தாங்கேலாமல் போச்சு. பிறகு அதை மூடித்தான் மேல றோட்டுப் போட்டது."

அன்னபாக்கியம் சாறித் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அந்தச் சாக்கடையை மூடி நூற்றைம்பது வருடமாகிறது!

"சீ, அரியண்டம். இதையெல்லாம் ஏன் பிள்ளை வாற ஆக்களுக்குச் சொல்லுறீர்? மூடினது மூடினதாய்க் கிடக்கட்டுமே."

"கேட்டால் சொல்லத்தானே வேணும் அன்ரி."

"கேட்டாலும் நல்லதைச் சொல்லவேணும்."

வெள்ளி இரவு குடித்தவர்களில் யாரோ ஒருவர் ஒரு மதுக்கடை வாசலில் வாந்தியெடுத்து வைத்திருந்தார். அன்னபாக்கியம் சாறியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். "என்ன ஊத்தைச் சனமப்பா" என்று அந்தத் தெரு முடியும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் போர்வைக்குள் படுத்திருந்தவனுக்கும் அதே பட்டம் கிடைத்தது. வித்தியா அந்த வழியாக வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறவள். சப்பாத்தில் பட்டால் குழாயடியில் கழுவிவிட்டுப் போவாள். அவளுக்கு அன்றைக்கு அருவருத்தது அதுவல்ல.

"அந்த விநாயகமூர்த்தி பென்ரோஸில ஒரு கம்பனியில மனேச்சராய் இருந்து ஓய்வெடுத்தவராம். அப்பிடியோ?" என்று அன்னபாக்கியம் தொடங்கினாள்.

மனேச்சர்! பென்ரோஸ் களஞ்சியம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் போர்க்லிப்ட் ஓட்டி, முதுகெலும்பு தேய்ந்து வீட்டுக்கு வந்த மனிதர். வேலைத்தளத்து மஞ்சள் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று இவளைத் தூக்கிக்கொண்டு போனவர். ஆக, அம்மா அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. மகளை அழித்தாள், புருஷனைத் திருத்தினாள்.

"பென்ரோஸில நல்ல மனிசர் கனபேர் வேலை செய்யினம்" என்றாள் வித்தியா.

"உமக்குத் தெரிஞ்ச ஆக்கள்போல?"

"கண்டிருக்கிறன்."

பூங்காவுக்கு ஏறும் பாதை செங்குத்து. மேலே போய் ஒரு பெரிய மரத்தின் கீழ் வாங்கில் இருத்தியதும் யோகராணிக்கு மூச்சு வாங்கியது. வித்தியா தன் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். வயதானவர்களுக்கென்று அவள் எப்போதும் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணீர் கொண்டுவருவாள். கடதாசிக் கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

வாங்கப் போன யோகராணியின் கையை அன்னபாக்கியத்தின் கண் நிறுத்தியது.

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் வெளியில குடிக்கிறேல்லை" என்றவள், ஒரு மூச்சு விட்டு, "நீர் எவ்விடம்?" என்று கேட்டாள்.

"நான் சின்னனிலயே வந்திட்டன். இஞ்சதான் வளர்ந்தனான்."

"அது சரி. அப்பா எந்த ஊர்?"

வித்தியாவுக்கு இந்தக் கேள்வியின் வால் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஊர் கேட்பார்கள். பிறகு எந்தக் கோயிலடி என்பார்கள். பிறகு கோயிலுக்கு வடக்கா தெற்கா என்பார்கள். கடைசிவரைக்கும் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். தன் தகப்பனுடைய ஊரைச் சொன்னால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம் என்று யோசித்து, சட்டென்று தன் பழைய மாமியார் வீட்டு ஊரைச் சொன்னாள். கோயிலைச் சொன்னாள். வடக்குப் பக்கம் என்றாள்.

அன்னபாக்கியத்தின் முகம் சாம்பிராணி காட்டியதுபோல் தெளிந்தது.

"அட, அப்பிடியே! முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. தாரும், தாரும்." கோப்பையை வாங்கி ஒரே இழுவையில் குடித்தாள். "நல்ல உறைப்பாய்க் கிடக்கு. யோகம், நீயும் குடி."

புருஷனிடம் அடிவாங்கிய காலத்தில் ஒரு நல்லதுக்கும் உதவாத அந்த ஊர், இன்றைக்கு ஒரு கோப்பை மல்லித் தண்ணீருக்கு உதவியது. வித்தியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தண்ணீர், அதே பிளாஸ்க், அதே கை. இவ்வளவு நேரமும் அந்தக் கையில் என்ன ஊத்தை இருந்ததாம்?

அந்தக் கையைத்தான் இப்போது அன்னபாக்கியம் உரிமையோடு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்ல மோதிரம். பச்சைக்கல்லைச் சுத்தி வெள்ளைக்கல். இந்த வேலைப்பாடு இப்ப கிடையாது. ஆர் தந்தது?"

"அப்பா. நான் முதல் வேலைக்குப் போகேக்க."

"நல்ல அப்பா." கையை விடாமலே தொடர்ந்தாள். "போன வருஷம் மெல்பேர்னில ஒரு சம்பந்தம் வந்தது. வடிவான பிள்ளை, டொக்டர். ஆனால் தமக்கைக்காரி புருஷனை விட்டிட்டு வந்து தனிய இருக்கிறாளாம். வேண்டாம் எண்டு ஒரேயடியாய்ச் சொல்லிப்போட்டன். அந்த இரத்தம்தானே பிள்ளை இதிலயும் ஓடும்?"

"அந்தத் தமக்கை ஏன் விட்டிட்டு வந்தவவாம்?"

"ஆர் கேட்டது? அதைக் கேட்டு எங்களுக்கு என்ன?" அன்னபாக்கியம் கையை உதறினாள். "இஞ்ச அந்தச் சனியன் ஒண்டும் இல்லை. ஒரே மகள்."

வித்தியா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். எழுந்து போய்க் குழாயடியில் கழுவவேண்டும்போல் இருந்தது.

அன்னபாக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "உம்மிட்ட ஒரு உதவி. நீர் நாளைக்கு எங்களோட வாரும். எங்கட சொந்தக்காரப் பிள்ளை எண்டு சொல்லுவம். நாங்கள் முன் அறையில இருந்து கதைக்கேக்க நீர் குசினிப் பக்கம் போய் ஒருக்கால் பாரும். சுத்தம் எப்பிடி, தாய் எப்பிடி, பிள்ளை என்ன மாதிரி எண்டு. இஞ்சத்தை ஆள், உமக்கு விளங்கும். மாட்டன் எண்டு சொல்லாதையும்."

தான் வளர்ந்த வீட்டை உளவு பார்க்கத் தனக்கே அழைப்பு! பெற்றவள் கூப்பிடாத வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி கூப்பிடுகிறது. "யோசிச்சுச் சொல்லுறன் அன்ரி" என்றாள். 

இரண்டு பெண்களும் கழிப்பறைக்குப் போனார்கள். தங்கச்சியின் முழங்கைக்குக் கீழ் கைகொடுத்து அன்னபாக்கியம் அவளைப் படியிறக்கிக்கொண்டு போவதை வித்தியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வித்தியா அக்கா."

திரும்பினாள். சஞ்சீவன் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

"என்னைத் தெரியுமோ?"

"தெரியும். லோஜனா படம் காட்டினவ. எல்லாம் சொன்னவ."

"எல்லாம் எண்டால்?"

"உங்கட டிவோர்ஸ்... அவர் அடிச்சது. எல்லாம்."

இவ்வளவு நேரமும் பறவைகளைப் பார்த்ததன் அர்த்தம் வித்தியாவுக்கு இப்போதுதான் விளங்கியது. "தெரிஞ்சு கொண்டுதான் வாய் பொத்திக்கொண்டு வந்தீரோ? பெரியம்மா சனியன் எண்டு சொல்லேக்கயும்?"

"நான் என்ன அக்கா செய்யிறது? பெரியம்மா அப்பிடித்தான். எதிர்த்துக் கதைச்சால் எல்லாம் குழம்பிடும்." அவனுக்கு நல்ல மென்மையான குரல். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "கலியாணம் முடியட்டும். பிறகு உங்களைப் பற்றி மெல்ல மெல்லச் சொல்லலாம்."

"மெல்ல மெல்ல எண்டால் எப்பிடி? முதல்ல என்ர கையைக் காட்டி, பிறகு காலைக் காட்டியோ?"

அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நாளைக்கு மட்டும் வந்திடாதையுங்கோ. பிளீஸ். நாங்கள் ஒரு நாள் முந்தி வந்ததையும் லோஜனாவிட்டச் சொல்லாதையுங்கோ. அவ அப்செட் ஆவா."

"அவளுக்குத் தெரியாதோ?"

"இல்லை. இரவு பிளைட் எண்டுதான் சொல்லி வைச்சனான்."

படியேறி வரும் சத்தம் கேட்டது. சஞ்சீவன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அவ்வளவு லாவகமாக ஒரு மனிதன் தன் முகத்தை மூடுவதை அவள் பார்த்ததில்லை. அடிக்கிற ஆணை அவளுக்குத் தெரியும். அவனைக் கண்டால் விலகிப் போகலாம். அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நல்லபிள்ளையாக நிற்பவனை என்ன செய்வது?

உலாவை ஒருவாறு முடித்தாள். போகும்போது அன்னபாக்கியம் அவளுடைய கன்னத்தைக் கிள்ளி, "பத்தரைக்கு ஏவன்டேல் ஸ்டேசனடியில நில்லும், கார் வரும்" என்றாள். அவர்கள் போனதும் பிளாஸ்க்கில் மிஞ்சியிருந்ததை வித்தியா வீதியோரச் சாக்கடைத் துளைக்குள் கவிழ்த்தாள்.

அறைக்குப் போக மனமில்லை. ரயில் ஏறி ஏவன்டேலில் இறங்கினாள். பச்சைத் தபால்பெட்டியைத் தாண்டி உள்ளே போனால், கறிவேப்பிலை தாளித்த வாசத்தோடு கிருமிநாசினி வாசமும் சேர்ந்து வீசியது. வீடு ஆஸ்பத்திரிபோல் பளபளத்தது.

முன் அறையில் புதிய சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. லோஜனா பட்டம் பெற்ற அன்று எடுத்தது. அந்த நாளில் நாலு பேரும் நின்றார்கள். இப்போது மூன்று பேர். வித்தியா நின்ற இடத்தில் பல்கலைக்கழகத்துப் பூங்காவின் பச்சை இலைகளை நிரப்பியிருந்தார்கள். நல்ல வேலைதான், ஒரு குறையைத் தவிர.

லோஜனாவின் இடது தோளில் நாலு விரல்கள் இருந்தன. கையில்லை, ஆளில்லை. விரல்கள் மட்டும். அதில் ஒன்றில் பச்சைக்கல் மோதிரம்.

வித்தியா தன் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.  ஓடிப்போய்ப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த குளியலறையில் வாந்தி எடுத்தாள்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது வசந்தமலர் வாசலை மறித்து நின்றாள்.

"ஏன் இண்டைக்கு வந்தனி? ஆரும் கண்டால்?"

"கண்டால் என்ன? பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ. நல்லாய்த்தானே பொய் வருகுது."

"என்னை வதைக்காதை வித்தி. உன்னைப் பற்றிச் சொன்னால் ஏன் விட்டிட்டு வந்தவள் எண்டு கேப்பினம். பதில் சொல்லி என்னால ஏலாது. உன்ர வாழ்க்கைதான் போச்சு. அவளின்ரயாவது..."

"அப்ப நான் செத்துப்போனன் எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா. ஒரு படமும் மாலையுமாவது மிஞ்சியிருக்கும்."

வசந்தமலர் அழுதாள். அழுதுகொண்டே, வித்தியா நின்ற இடத்தில் சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்தாள். அந்த அழுகையைப் பார்க்க வித்தியாவுக்கு இரக்கம் வரவேண்டும். வரவில்லை. துடைக்கிற கைதான் தெரிந்தது.

பின்வாசலில் நின்ற விநாயகமூர்த்தி பச்சை வர்ணக் கையோடு எட்டிப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல், "தேத்தண்ணி குடிக்கிறியா பிள்ளை?" என்றார். பாவம் மனேச்சர், அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

லோஜனா தன் அறையில் நாளைக்குரிய சாறியை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தியேழு வயது, மருந்தகத்தில் வேலை. இங்கே பிறந்தவள், தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். அக்காவைக் கண்டதும் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஸொரி அக்கா."

"படத்தை ஆர் செய்தது?"

லோஜனா கீழே பார்த்தாள். "அம்மா அழுதுகொண்டே இருந்தா. போனிலதான் செய்தனான். ஜஸ்ட் போர் நவ், இப்போதைக்கு மட்டும் எண்டு..."

"செய்ததுதான் செய்தாய். கையை ஏன் விட்டனி?"

"ட்ரை பண்ணினனான் அக்கா." அவள் தன் இடது தோளைத் தொட்டாள். "கனதரம் ட்ரை பண்ணினனான். கையை எடுத்தால் என்ர தோளும் சேர்ந்து போகுது."

வித்தியா கட்டிலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இங்கேதான் வந்தது. சொல்லுவதா வேண்டாமா? சொன்னால் கலியாணம் குழம்பும், பழி தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் தங்கச்சி அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு காலம் முழுக்க வாழப் போவாள்.

"சஞ்சீவன் இப்ப எங்க?"

"சிட்னியில. இரவுதானே பிளைட்."

"இல்லை. காலையில என்னோட குயீன் தெருவில நடந்தவர். தாயும் பெரியம்மாவும் கூட. விசாரிக்க வந்தவை."

"உனக்குச் சரியாத் தெரியுமோ? வேற ஆரும்..."

"பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டவர், லோஜி. அந்தப் பெரியம்மா என்னைப்போல ஒருத்தியைச் சனியன் எண்டு சொல்ல, இவர் கேட்டுக்கொண்டு நிண்டவர். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டும் கெஞ்சினவர்."

 அப்போது மேசையிலிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்து வாசித்தாள். பிறகு அதை அக்காவின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

'ஏர்போர்ட்டில நிக்கிறம் லோஜி. பிளைட் லேட்டாம். நாளைக்குக் காணுவம்.' கீழே ஒரு சின்னச் சிவப்பு இதயம்.

அந்த இதயத்தை லோஜனா பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். போனைக் குப்புற வைத்தாள். பிறகு அக்காவின் கையை எடுத்து, மோதிரம் போட்ட விரலைத் தடவினாள்.

"அந்த மனிசி இதைக் கண்டவவோ?"

"கையைப் பிடிச்சு மடியில வைச்சுப் பாத்தவ. நாளைக்குத் தங்களோட உளவு பாக்கவும் வரச் சொல்லியிருக்கிறா."

குசினியிலிருந்து வசந்தமலரின் குரல் கேட்டது. "லோஜி, அக்காவை ஆறு மணி ரயிலில அனுப்பிவிடு. நாளைக்கு வரவேண்டாம் எண்டும் சொல்லு."

லோஜனா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அலுமாரியைத் திறந்து, தொங்கிய சாறிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு நீ என்ன சாறி கட்டப் போறாய்?"